கணினி கேள்வி–பதில்: பெயர் ஒன்று, சம்பா வேறு

கோடை விடுமுறையில் பரணில் கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் வளர்ந்திருக்கிறது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: ஃபைல் சிஸ்டம். டிஸ்க்கில் கோப்புகளை எந்த ஒழுங்கில் எழுதி வைப்பது, பிறகு எப்படித் தேடி எடுப்பது என்ற ஏற்பாடுதான் அது. ஒரு மென்பொருள் எழுதி வைத்த ஒழுங்கு இன்னொன்றுக்குப் புரியாமல் போகும்போது நடப்பவைதான் கீழே உள்ள கேள்விகள் எல்லாம். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள், நான் வேறு விதமாகச் சொல்லாத வரை எல்லாம் சிறிய எழுத்து.

கேள்வி: என் லேப்டாப்பில் 2020-இல் போட்ட ஒரு லினக்ஸ் இருக்கிறது. காலியாகக் கிடந்த 60 ஜிபியில் புதிதாக வந்த இன்னொரு லினக்ஸைப் போட்டேன். கணினி எழும்போது எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் பூட்லோடர் பழைய லினக்ஸில் கிரப். அந்த மெனுவே போதும் என்று புதியதன் பூட்லோடரை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய லினக்ஸில் அப்டேட்-கிரப் கொடுத்ததும் புதியதன் பெயர் மெனுவில் வந்தது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்கிறது. அடுத்த வரியில் ‘யூ நீட் டு லோட் தி கெர்னல் ஃபர்ஸ்ட்’ என்கிறது. இரண்டும் இஎக்ஸ்டி4 தானே? மூன்று முறை அழித்து அழித்துப் போட்டுவிட்டேன். பென்டிரைவ் பழுதா? – கல்லூரி மாணவர், கும்பகோணம்.

பதில்: பென்டிரைவும் நன்றாக இருக்கிறது, நீங்கள் போட்டதும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், தம்பி. நான்காவது முறை அதேபோல் போட்டாலும் இதே வரிதான் வரும். ‘இரண்டும் இஎக்ஸ்டி4 தானே’ என்று கேட்டீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கடையில் போய் ‘சம்பா கொடுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: சீரகச் சம்பாவா, கிச்சிலிச் சம்பாவா, மாப்பிள்ளைச் சம்பாவா? மூன்றும் சம்பாதான். ஆனால் சீரகச் சம்பாவுக்கு வைக்கிற தண்ணீரையும் நேரத்தையும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வைத்தால் சோறு வேகாது. இஎக்ஸ்டி4 என்பதும் அப்படி ஒரு குடும்பப் பெயர்தான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அதற்கென்று சொந்த ஃபைல் சிஸ்டம் கிடையாது. மினிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தின் ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி) 64 எம்பிக்கு மேல் போகாது, கோப்பின் பெயர் 14 எழுத்தைத் தாண்டாது. அதனால் 1992-இல் ரெமி கார்ட் என்பவர் எக்ஸ்ட் (ஆங்கிலத்தில் இ-எக்ஸ்-டி) என்ற ஒன்றை உருவாக்கினார். மறு வருடமே எக்ஸ்ட்2 வந்தது. 2001-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்த எக்ஸ்ட்3, எழுதப் போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் என்ற நாள்வழிக் குறிப்பைச் சேர்த்தது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்க்காரர்களான நமக்கு அது பெரிய வரம். 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னலில் இஎக்ஸ்டி4 நிலைபெற்றது. அதோடு முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் வசதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. பெயர் மட்டும் அதேதான்.

எந்தெந்த வசதி போட்டிருக்கிறது என்பது பார்ட்டிஷனின் தொடக்கத்தில் சூப்பர்பிளாக் என்ற இடத்தில் எழுதியிருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வசதிகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருப்பது. முதல் வகை: உனக்கு இது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படிக்கலாம், எழுதலாம். இரண்டாம் வகை: தெரியாவிட்டால் படித்துக்கொள், எழுதாதே. மூன்றாம் வகை: தெரியாவிட்டால் தொடவே தொடாதே. முப்பது வருடப் பழசும் நேற்று வந்த புதுசும் ஒரே டிஸ்க்கில் ஒன்றையொன்று கெடுக்காமல் இருப்பதற்கு இந்தப் பிரிவுதான் காரணம்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை உருவாக்குவது இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் என்ற கருவித் தொகுப்பு. 2023 பிப்ரவரியில் வந்த அதன் 1.47.0 பதிப்பு இரண்டு வசதிகளை, யாரும் கேட்காமலே, தானாகப் போடத் தொடங்கியது. ஒன்று மெட்டாடேட்டா_சிசம்_சீட். இது மூன்றாம் வகை. இன்னொன்று ஆர்ஃபன்_ஃபைல். இது முதல் வகை. உங்கள் பழைய கிரப் 2020-ஆம் ஆண்டுப் பிள்ளை. சிசம் சீட் என்ற பெயரையே அது கேள்விப்பட்டதில்லை. தொடாதே என்று எழுதியிருக்கிறது, தொடவில்லை. அதைத்தான் ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்று சொல்கிறது. கெர்னல் அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருப்பதால் அதை எடுக்கவும் முடியவில்லை. இரண்டாவது வரி அதனால் வருகிறது.

அப்படியானால் மெனுவில் பெயர் மட்டும் எப்படி வந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். கிரப் வேறு, கெர்னல் வேறு. அப்டேட்-கிரப் ஓடும்போது டிஸ்க்கைப் படிப்பது பழைய லினக்ஸின் கெர்னல். அதற்கு 4.4 பதிப்பிலிருந்தே இந்த வசதி தெரியும். அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிவிட்டது. மறுநாள் காலையில் மெனு காட்டும்போது கெர்னல் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அப்போது கிரப் தன் சொந்த அறிவை வைத்துத்தான் டிஸ்க்கைப் படிக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? உங்கள் புது லினக்ஸில் இன்னும் சொந்த வேலை எதுவும் இல்லை என்பதால் எளிய வழியே போதும். இன்னொரு முறை போடுங்கள், இந்தத் தடவை பூட்லோடரையும் போடச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் வந்த கிரப் 2.12-க்கு இந்த வசதி தெரியும். புதியதுக்குப் பழையதைப் படிக்கத் தெரியும். பழையதுக்குப் புதியதைப் படிக்கத் தெரியாது. அதனால் இரண்டில் எது இளையதோ அதன் கையில் வாசல் சாவியைக் கொடுங்கள். சில டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) மற்ற சிஸ்டங்களைத் தேடும் வசதியை அணைத்து வைத்திருப்பார்கள். பழையது மெனுவில் வரவில்லை என்றால் ஓஎஸ்-ப்ரோபர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே வேலை சேர்ந்துவிட்டது, அழிக்க முடியாது என்கிறவர்களுக்கு இன்னொரு வழி. டிஸ்க்கில் போடாமலே ஓடும் புது லினக்ஸின் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அந்தப் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யாமல் (திறந்து பயன்பாட்டுக்கு எடுக்காமல்), முதலில் டம்ப்இ2எஃப்எஸ் கட்டளையைச் சிறு கோடு, ஹெச் சேர்த்து ஓட்டுங்கள். ‘ஃபைல்சிஸ்டம் ஃபீச்சர்ஸ்’ என்ற வரியில் அந்த இரண்டு பெயர்களும் இருக்கும். பிறகு ட்யூன்2எஃப்எஸ், சிறு கோடு, பெரிய எழுத்து ஓ. அதன்பின் மெட்டாடேட்டா_சிசம்_சீட் என்ற பெயருக்கு முன்னால், 6 உள்ள விசையில் மேலே இருக்குமே கூரை போன்ற குறி, அதைப் போடுங்கள். அந்தக் குறிக்கு ‘இந்த வசதியை எடுத்துவிடு’ என்று பொருள். முடித்ததும் இ2எஃப்எஸ்சிகே, சிறு கோடு, எஃப் என்று ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். இதைப் பழைய லினக்ஸிலிருந்து செய்யப் போகாதீர்கள். அங்கே இருக்கும் கருவிக்கு ஆர்ஃபன் ஃபைலின் பெயர் தெரியாது. ‘ஃபீச்சர்_சி12’ என்று வெறும் எண்ணைச் சொல்லி நின்றுவிடும். அந்த வரியைப் பார்த்துவிட்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று புது டிஸ்க் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: டி டிரைவ் என்டிஎஃப்எஸ்-இல் இருக்கிறது, 200 ஜிபி காலி. அதை ஃபார்மட் செய்யாமல் அதிலேயே லினக்ஸ் போட முடியுமா? – வாசகர், பாபநாசம்.

பதில்: வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் இன்னார் உரிமையாளர், இன்னார் படிக்கலாம், இன்னார் இயக்கலாம் என்று லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் வழியில் எழுதி வைத்தால்தான் லினக்ஸ் உயிரோடு நடமாடும். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்-இன் உரிமை ஏற்பாடு வேறு. வழக்கமான இன்ஸ்டாலர்களும் லினக்ஸ் உட்காரும் ரூட் பார்ட்டிஷனாக அதை ஏற்காது. டி டிரைவில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, காலி இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். வரப்பை நகர்த்தும் அந்த வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிடமே விடுங்கள். அதன் வயலின் சதுரம் அதற்குத்தான் தெரியும். வெட்டிய இடத்தை அங்கே ஃபார்மட் செய்யாமல் வெறுமையாக விட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர் எடுத்துக்கொள்ளும். பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்ட லேப்டாப் என்றால் வரப்பில் கை வைக்கும் முன் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பூட் அமைப்பில் கொஞ்சம் மாறினாலும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கக்கூடும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். எடிட்டிங்குக்கு விண்டோஸ், மற்ற வேலைக்கு லினக்ஸ் என்று இரண்டும் வைத்திருக்கிறேன். வீடியோ எல்லாம் என்டிஎஃப்எஸ் டிரைவில். லினக்ஸில் திறந்தால் பார்க்க முடிகிறது, எதையும் எழுத முடியவில்லை. சில நாள் நன்றாக வேலை செய்கிறது! – ஸ்டுடியோ வைத்திருப்பவர், திருவாரூர்.

பதில்: ‘சில நாள்’ என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. விண்டோஸில் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து லினக்ஸுக்கு வந்த நாளில் எழுதியிருக்கும். ‘ஷட்டவுன்’ கொடுத்து வந்த நாளில் எழுதியிருக்காது. சரிதானா?

விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கம்தான். கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. டிரைவ் இன்னும் தன் கையில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் அதைக் கண்டுகொண்டு, பார்க்கிறேன், கை வைக்க மாட்டேன் என்று ஒதுங்கி நிற்கிறது. அது உங்கள் வீடியோவைக் காப்பாற்றுகிறது. அந்தத் தூக்கக் கோப்பை அழித்துவிட்டு வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்யும் வழியும் உண்டு. ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் நிமிடம் அந்த டிஸ்க்கில் இருக்கும்போது அந்த வழிக்குப் போகாதீர்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். அதற்குப் பிறகும் எழுதவில்லை என்றால் விண்டோஸிலேயே செக்டிஸ்க் ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ்-ஐ முழுமையாகப் பழுது பார்க்கும் கருவி லினக்ஸோடு வருவதில்லை.

அப்புறம், வாடிக்கையாளருக்குப் பென்டிரைவில் கொடுக்கும்போது ஃபேட்32 வேண்டாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டினாலே நின்றுவிடும். முகூர்த்தம் மட்டுமே அதைத் தாண்டும். எக்ஸ்ஃபேட் போடுங்கள். 2019-இல் அதன் விவரங்களை மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே அது வந்துவிட்டது. ஆனால் அதில் ஜர்னல் கிடையாது. ‘எஜெக்ட்’ கொடுத்து, முடிந்தது என்று சொன்ன பிறகே பிடுங்குங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எங்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பாட்டிமார்கள் பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று பல வருடங்களாகப் பதிந்து வைத்திருக்கிறேன். யார் பாடியது, எந்த ஊர், எந்த மாதம், முதல் அடி என்ன என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவது என் வழக்கம். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட பிறகு வெளி டிஸ்க்கிலிருந்து நகலெடுத்தால் சில பாட்டுகள் மட்டும் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று வர மறுக்கின்றன. இன்னொரு சங்கடம்: மகனின் பழைய மேக் கணினியிலிருந்து ரிசிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக எடுத்தபோது ‘கொள்ளிடம்’ என்ற ஃபோல்டர் ஒரே பெயரில் இரண்டு நிற்கிறது. ஒரே இடத்தில் ஒரே பெயர் இரண்டு இருக்கக் கூடாதல்லவா? – திருவையாறு.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடவு இயந்திரம் வந்த பிறகு அந்தப் பாட்டுகள் வயலில் கேட்பதே இல்லை. பெயரோடும் ஊரோடும் சேர்த்துப் பதிந்து வைத்தீர்களே, அது பெரிய வேலை. ஒன்றுகூட விடுபடாமல் வர வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘கொள்ளிடம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் கொ, ள், ளி, ட, ம் என்று ஐந்து எழுத்து சொல்வார்கள். கணினி அப்படி எண்ணுவதில்லை. க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ள ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடி ள, இகரக் குறி, ட, ம, கடைசிப் புள்ளி, ஆக ஒன்பது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இந்த ஒன்பதை ஒன்பதாகவே எண்ணும். ஒரு பெயருக்கு அது 255 வரை இடம் தரும். லினக்ஸின் இஎக்ஸ்டி4-உம் 255 தருகிறது, ஆனால் அது எண்ணுவது பைட்டை. எழுத்துகளைப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். கொள்ளிடம் 27 பைட் ஆகிவிடும். அதாவது ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவருக்கு 255 எழுத்து கிடைக்கிற இடத்தில் நமக்குக் கிடைப்பது 85 குறி. புள்ளியும் கொம்பும் காலும் சேர்த்து 85. உங்களைப் போல முதல் அடியையும் சேர்த்து எழுதினால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். விண்டோஸ் அந்தப் பெயர்களை ஏற்றுக்கொண்டதில் தவறில்லை, லினக்ஸ் மறுப்பதிலும் தவறில்லை. இரண்டும் வேறு வேறு படியால் அளக்கின்றன.

அந்தப் பெயர்களைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் விவரம் போய்விடக் கூடாது. முதலில் டிஸ்க்கில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியல் கோப்பில் எடுத்து வையுங்கள். பெயர் முழுதாக அதற்குள் இருந்துவிடும். கோப்புக்கு உள்ளே எழுதுவதற்கு நீள எல்லை கிடையாது. பிறகு நீளமான பாட்டுகளுக்கு ஊர், ஆண்டு, வரிசை எண் என்று சின்னப் பெயர் கொடுத்து, அதே எண்ணைப் பட்டியலிலும் குறித்துவிடுங்கள். பாடிய பாட்டியின் பெயரையும் முதல் அடியையும் அந்தப் பட்டியலில் தேடி எடுக்கலாம். இது முடியும் வரை வெளி டிஸ்க்கில் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

இரண்டு கொள்ளிடம் கதை இன்னும் நுட்பமானது. கொ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. நாம் விசைப்பலகையில் அடித்து விண்டோஸிலும் லினக்ஸிலும் சேர்வது பெரும்பாலும் ஒரே குறி. பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டமோ பெயர்களைப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். இஎக்ஸ்டி4 வழக்கமாக எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. ஒன்று 27 பைட், இன்னொன்று 30 பைட். அதன் கணக்கில் அவை வேறு வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயரிலும் இது நடக்கும். ‘சோழபுரம்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதுவும் இரட்டித்திருக்கும், பாருங்கள்.

கான்வ்எம்வி என்ற சிறு கருவி இதற்கென்றே இருக்கிறது. உங்கள் டிஸ்ட்ரோவின் மென்பொருள் களஞ்சியத்தில் தேடினால் கிடைக்கும். மூலமும் இலக்கும் யூடிஎஃப்-8 என்று சொல்லி, கூடவே என்எஃப்சி என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பிரிந்த குறிகளை ஒன்று சேர்த்துப் பெயரை மாற்றிவிடும். முதல் முறை அது எதையும் மாற்றாது, என்ன மாற்றப் போகிறேன் என்று மட்டும் காட்டும். அதை நிதானமாகப் படித்துவிட்டு, சரி என்று தோன்றினால் நோடெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் இரட்டையாக நிற்கும் ஃபோல்டர்களை அதற்கு முன்பே கையால் ஒன்றாக்குங்கள். இரண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து, ஒன்றில் இல்லாததை மற்றதற்கு நகர்த்திவிட்டு, காலியானதை நீக்குங்கள். இனிமேல் கோப்புகளை அனுப்பும்போது ஐகான்வ் விருப்பம் சேர்த்து ரிசிங்க் ஓட்டும்படி மகனிடம் சொன்னால் வழியிலேயே திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: லினக்ஸ் பழகிவிட்டது. 2 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி போட்டுப் பழக ஆசை. அதே டிஸ்க்கில் லினக்ஸும் இருக்க வேண்டும். ஃபைல் சிஸ்டம் எது? – வாசகர், நாகப்பட்டினம்.

பதில்: நல்ல ஆசை. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ், பெர்க்லி பல்கலைக்கழகம் வழியாக வந்து சேர்ந்த கிளை அது. இன்ஸ்டாலர் உங்களிடம் இசட்எஃப்எஸ் வேண்டுமா, யூஎஃப்எஸ் வேண்டுமா என்று கேட்கும். இசட்எஃப்எஸ் அருமையானது, ஆனால் ராம் நிறைய இருந்தால்தான் அதற்குச் சுகம். உங்கள் 2 ஜிபிக்கு யூஎஃப்எஸ் எடுங்கள்.

பழைய டெஸ்க்டாப் என்பதால் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்காக இருக்கலாம். அதில் நான்கு ப்ரைமரி பார்ட்டிஷன்தான் முடியும். ஃப்ரீபிஎஸ்டிக்கு அதில் ஒன்றை முழுதாக ஒதுக்குங்கள். லினக்ஸை எக்ஸ்டெண்டட் என்ற பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கல் என்ற உட்பகுதியாக வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. இரண்டுக்கும் நடுவே கோப்பு பரிமாற ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் விட்டு வையுங்கள். லினக்ஸ் பொதுவாக யூஎஃப்எஸ்-ஐப் படிக்க மட்டும் செய்யும். ஃப்ரீபிஎஸ்டி இஎக்ஸ்டி4-ஐப் படிக்கும், எழுதும், ஆனால் ஜர்னலைக் கண்டுகொள்ளாது. கரண்ட் போய் லினக்ஸ் பாதியில் நின்ற நாளில், ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து அந்தப் பார்ட்டிஷனைத் தொடும் முன் லினக்ஸை ஒரு முறை முழுதாக ஏற்றி இறக்கிவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு விண்டோஸில் மாட்டினேன். ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்றது. சரி என்று அழுத்திவிட்டேன். பத்து விநாடியில் முடிந்துவிட்டது. உள்ளே ஐந்து வருடக் குடும்பப் படங்கள். மறுபடி அதிலேயே லினக்ஸ் போட்டால் திரும்ப வருமா? – வேதாரண்யம்.

பதில்: போடாதீர்கள். இந்தப் பக்கத்தைப் படித்த உடனே அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். பத்து விநாடியில் முடிந்தது என்றால் அது குயிக் ஃபார்மட். அப்படியானால் வழி இருக்கிறது.

விண்டோஸுக்கு இஎக்ஸ்டி வகை தானாகப் படிக்கத் தெரியாது. தனக்குப் புரியாததைக் காலி என்று எடுத்துக்கொண்டு ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். டிஸ்க் கெட்டுப்போனதால் கேட்பதில்லை.

உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியது உங்கள் பக்கம்தான். மன்னார்குடியில் என் கடைக்குக் கரண்ட் திரும்பிய வாரத்தில், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் உரச்சாக்கில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். ஓடு பறந்து மழை இறங்கியதில் கணினி போய்விட்டது, டிஸ்க் மட்டும் தப்பியது. உதவி செய்ய வந்த யாரோ அதை விண்டோஸில் மாட்டி, நீங்கள் அழுத்திய அதே பொத்தானை அழுத்திவிட்டார்கள். உள்ளே எக்ஸ்ட்3. சாய்ந்துபோன தென்னந்தோப்பு நின்ற நாளில் எடுத்த படங்களும் நிலத்தின் பத்திர நகல்களும் அதில்தான் இருந்தன.

முதலில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்தேன். யூஎஸ்பி 2 வழியாக ஐந்து மணி நேரம் ஆனது. அவர் எழுந்து போகவே இல்லை. அதன் பிறகு செய்ததெல்லாம் நகலில்தான், மூலத்தைத் தொடவில்லை. குயிக் ஃபார்மட் பார்ட்டிஷனின் தொடக்கத்தை அழித்திருந்தது. மேலே சொன்ன சூப்பர்பிளாக் அங்கேதான் இருக்கும். ஆனால் இந்த ஃபைல் சிஸ்டத்தை எழுதியவர்கள் அதற்கு மாற்றுப் பிரதிகளை டிஸ்க்கின் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். 4 கேபி பிளாக் என்றால் முதல் பிரதி 32768-ஆவது பிளாக்கில், அடுத்தது 98304-இல். இ2எஃப்எஸ்சிகே-இடம் சிறு கோடு, பி போட்டு 32768 என்று சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் வரி வரியாக ஓடத் தொடங்கியது. பெரும்பாலான ஃபோல்டர்கள் பெயரோடு வந்தன. சில படங்கள் லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் வெறும் எண்ணாகக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இது தெற்கு வரிசை, இது கிணற்றடி மரம் என்று அவரே சொல்லச் சொல்லப் பெயர் வைத்தோம்.

உங்களுடையதும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதால் இந்த வழி பொருந்தும். எஸ்எஸ்டி என்றால் குயிக் ஃபார்மட்டே உள்ளே இருப்பதைத் துடைத்துவிடக்கூடும். குயிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்து முழு ஃபார்மட் கொடுத்திருந்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதிவிடும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

500 ஜிபிக்குக் குறையாத காலி டிஸ்க் ஒன்று தயார் செய்யுங்கள். பழக்கம் இருந்தால் மேலே சொன்ன வரிசையில் நகல் எடுத்து, நகலில் மட்டும் முயலுங்கள். 32768 பலன் தராவிட்டால் 98304 கொடுங்கள். பழக்கம் இல்லை என்றால் தெரிந்த ஒருவரிடம் இந்தப் பக்கத்தோடு கொடுங்கள். எதைச் செய்யும் முன்னும் நகல் எடுத்தாயிற்றா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். லினக்ஸை அதுவரை வேறு டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம்.